விடை நாளைய பேப்பரில் வந்துவிடும்

என் மாமனாருக்கு இரண்டு கண்களிலும் புரை முற்றி, 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வலக்கண்ணுக்கும், ஆறு வாரம் கழித்து இடக்கண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை படிப்பதும் குனிவதும் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, சொட்டு மருந்தின் வேளைகளைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. “பேப்பர்ல கட்டம் போடலாமா, டாக்டர்?” என்று மட்டும் கேட்டார். கூடாது என்ற பதிலில் அவர் முகம் வாடியதைப் பார்த்துத்தான், “நான் படிச்சுச் சொல்றேன் மாமா” என்று வாக்குக் கொடுத்தேன். நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை அதுவரை நான் ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த இரண்டரை மாதத்தில் உதவி செய்வது எப்படி என்பதையும், பின்னால் நானே புதிரை அவிழ்க்கத் தொடங்கியபோது உதவி கேட்பது எப்படி என்பதையும் கற்றுக்கொண்டேன். இரண்டும் தானாக வந்துவிடுபவை அல்ல என்பதால் எழுதி வைக்கிறேன்.

அவர் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் அச்சுக்கோத்தவர். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ‘ஸ்டிக்’ என்ற கைச்சட்டத்தில் அடுக்கி, தலைகீழாகவே படித்துச் சரிபார்த்துப் பழகியவருக்கு, வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் போகும் சொற்கள் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. நம் தமிழ்ப் புதிர்கள் பலவற்றில் நான்கு திசைகளிலும் சொற்கள் ஓடும் என்பதும், சிலவற்றில் ‘குழம்பியுள்ளது’, ‘திரும்பியுள்ளது’ என்ற குறிப்போடு எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும் என்பதும், புதிர் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததே.

முதல் வாரம் என் உதவி உபத்திரவமாகத்தான் இருந்தது. முதல் தவறு, குறிப்பை நான் வாசித்த விதம். “கடுகு திரைக்குள் ஒளிந்து ஓடும் விலங்கு, மூன்றெழுத்து” என்று ஒரு குறிப்பு வந்தது. செய்தி வாசிப்பதுபோல், ‘கடுகு’ என்று நிறுத்தி, பிறகு ‘திரைக்குள்’ என்று வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அப்படியே வாசித்தேன். மூன்றாவது முறை, “நிறுத்தாம ஒவ்வொரு எழுத்தா சொல்லும்மா” என்றார். க, டு, கு, தி, ரை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், குதிரை அங்கே முழுதாக நிற்பதைக் கண்டு நானே அசந்துபோனேன். இரண்டு சொற்களுக்கு நடுவில் நான் கொடுத்த இடைவெளி அந்தக் குதிரையை இரண்டு துண்டாக வெட்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை பொருள் விளங்கும்படி, இரண்டாம் முறை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் எழுத்தெழுத்தாக. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் மட்டுமன்றி, தனியாகப் புதிர் போடுகிறவர்களும் திணறும் இடத்தில் இப்படிச் செய்து பார்க்கலாம். நான் இன்றும் செய்கிறேன்.

இரண்டாவது சிக்கல் கட்டங்கள். பத்துக்குப் பத்து கட்டத்தை அவர் மனத்திலேயே வைத்துக்கொள்ள முயன்று, ஏழெட்டு விடைகளுக்குப் பிறகு எது எதை வெட்டுகிறது என்று தெரியாமல் களைத்துப் போனார். பரணில் கிடந்த என் மகனுடைய பழைய சிலேட்டைத் துடைத்து எடுத்து, முழுப் புதிரையும் வரையாமல், அப்போது யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு சொல்லுக்கான கட்டங்களை மட்டும் விரல் நீளத்துக்கு வரைந்து, தெரிந்த எழுத்துகளைச் சாக்பீஸால் தடிமனாக எழுதி, கைநீட்டும் தொலைவில் பிடித்தேன். குனியாமல், கண்ணை இடுக்காமல், அவரால் அதைப் பார்க்க முடிந்தது. பத்திரிகையின் சின்னக் கட்டத்தில் எழுத்துகள் இடுக்கில் கிடப்பதைவிட, ஒரே ஒரு சொல் அகலமாக விரிந்து நிற்கும்போது விடை சீக்கிரம் தட்டுப்படுவதை நானும் கவனித்தேன். சிலேட்டு இல்லாவிட்டால் மாத நாள்காட்டியின் பின்பக்கம் போதும்.

மூன்றாவது தவறுதான் பெரியது. “பல காரம் சேர்ந்தும் தீபாவளிக்கு இனிக்கும்” என்ற ஐந்தெழுத்துக் குறிப்பை வாசித்து முடிக்குமுன்னே எனக்கு விடை விளங்கிவிட்டது. அதற்கு முன் ஒன்பது நாளாக ஒன்றையும் கண்டுபிடிக்காத எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, “பலகாரம், மாமா!” என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, இன்றைக்குப் போதும் என்று எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். கோபமோ என்று நினைத்துக் காப்பியை எடுத்துக்கொண்டு போனபோது, மெதுவாகத்தான் சொன்னார்: “விடை எனக்கு வேணாம்மா. அது நாளைக்கிப் பேப்பர்ல வந்துடும்.”

அன்று இரவு அதைப் பற்றியே யோசித்தேன். விடையைச் சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது? மறுநாள் அவரிடமே கேட்டேன். அடுத்த சில நாள்களில் எங்களுக்குள் ஒரு முறை அமைந்தது. அவர் திணறினால் முதலில் குறிப்பை மறுபடி வாசிப்பேன், வேறெதுவும் சொல்ல மாட்டேன். அதற்கும் வராவிட்டால், எனக்கு விடை தெரிந்திருக்கும் பட்சத்தில், குறிப்பில் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது, விளையாட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். ‘தலை போன கவிதை மண்ணில் முளைக்கும்’ என்றால், பொருள் ‘மண்ணில் முளைக்கும்’ என்ற பின்பாதியில் இருக்கிறது. முன்பாதி முதலெழுத்தை வெட்டும் வேலை. அந்தக் கோட்டைக் கிழித்துக் காட்டினாலே பாதிப் புதிர் அவிழ்ந்து, கவிதையில் ‘க’ போக விதை மிஞ்சும். அதற்கும் வராவிட்டால்தான் ஓர் எழுத்து, அதுவும் நடுவிலிருந்து. முதலெழுத்தைக் கொடுப்பதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. முதலெழுத்து தெரிந்துவிட்டால் நாக்கே சொல்லை முடித்துவிடும், மூளைக்கு வேலை இல்லை என்பார்.

அந்த நடு எழுத்தும் அவருக்குப் புள்ளி வைத்த எழுத்தாக இருக்க வேண்டும். எனக்கு அதன் காரணம் முதலில் புரியவில்லை. ‘க்’ என்று சொன்னவுடன் அவருடைய வலக்கை லேசாக அசையும். அச்சகத்தில் ‘க்’ எடுத்த கை அடுத்ததாக எந்த அறைகளுக்குப் போகும் என்பது 31 ஆண்டுகளில் விரலுக்கே தெரிந்திருந்தது. அவர் இலக்கணம் என்று எதையும் சொன்னதில்லை. நான் என் மகளின் தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான், அவர் விரலில் இருந்தது, எந்தப் புள்ளி எழுத்துக்குப் பின் எது வரும் என்று சொல்லும் மெய்ம்மயக்கம் என்று தெரிந்தது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நான் மனப்பாடம் செய்து மறந்த பகுதி அது. குறுக்கெழுத்துக்கு அதைவிட நல்ல உதவியாளர் கிடையாது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது. எனவே ஒரு சொல்லின் முதற்கட்டத்தில் குறுக்கே வந்த விடை ஒரு புள்ளி எழுத்தைக் கொடுத்தால், அந்தக் குறுக்கு விடை தவறு, அல்லது இந்தச் சொல் எதிர்த்திசையில் ஓடுகிறது, அல்லது அது குழம்பிய சொல். சொல்லின் கடைசியில் வரக்கூடிய எழுத்துகள் 24 என்று நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றில் மெய்யெழுத்துகள் 11 மட்டுமே. அவற்றிலும் ஞ், ந், வ் மூன்றும் இன்றைய வழக்கில் அரிது என்பதால், கடைசிக் கட்டத்தில் புள்ளி வரும் என்றால் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்ற எட்டுக்குள் தேடினால் போதும். க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் வரிசை எழுத்துகளோடு மட்டுமே சேரும். ‘க்’ விழுந்தால் அடுத்த கட்டத்தில் க முதல் கௌ வரையிலான ஒன்றுதான். ‘ங்’ வந்தாலும், ‘அங்ஙனம்’ போன்ற அரிய சொற்கள் தவிர, அடுத்தது ககர வரிசைதான். ர், ழ் இரண்டும் இரட்டிப்பதே இல்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் புள்ளி வந்தால், முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: காய்ச்சல், சர்க்கரை, வாழ்க்கை. சக்தி, சப்தம் போன்ற வடசொற்களும், டிக்கெட், பஸ் போன்ற ஆங்கிலச் சொற்களும் இந்த வேலிக்குள் நிற்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரிலிருந்து இன்றுவரை, ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு எதை எழுதுவது என்ற கேள்வி எழுந்திருக்காது. தமிழில் அது எழுகிறது. புதிதாக உதவிக்கு வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடமும் அதுதான். ‘கொக்கு’ என்பது புதிரில் மூன்று கட்டம்: கொ, க், கு. என் மகன் ஆர்வத்தோடு கைபேசியில் ஒரு சொல்தேடியை இறக்கி, மூன்றெழுத்துப் பறவை என்று தேடியபோது கொக்கு வரவே இல்லை. ஆறெழுத்து என்று போட்டபோது வந்தது. கணினியின் குறியேற்றத்தில் க, ஒகரக்குறி, க, புள்ளி, க, உகரக்குறி என்று ஆறு துண்டுகளாக அந்தச் சொல் சேமிக்கப்படுவதே காரணம். இதை அவரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. அச்சகத்தில் கொம்பு ஒன்று, ‘க’ ஒன்று, கால் ஒன்று, பிறகு ‘க்’, ‘கு’ என்று ஐந்து ஈயத் துண்டுகளை எடுத்துத்தான் கொக்கை நிறுத்துவோம் என்றார். இயந்திரம் எதுவாக இருந்தாலும் அதன் எண்ணிக்கை வேறு, நம் காதின் எண்ணிக்கை வேறு. ஆகவே கைபேசியிடம் உதவி கேட்கிறவர்கள், அது சொல்லும் எழுத்து எண்ணிக்கையை நம்பாமல், விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

செப்டம்பர் கடைசியில் அவருக்குப் புதுக் கண்ணாடி வந்தது. மறுநாளே பேப்பரையும் பென்சிலையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கோ கை நடுங்காத குறை. அடுத்த கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கி வந்தேன். அப்போதுதான் உதவி கேட்பவளாக நான் மாறினேன்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அகப்பட்டவரிடமெல்லாம் எல்லாக் குறிப்பையும் கேட்டேன். சொல் விளையாட்டில் பழக்கம் இல்லாதவரிடம் ‘தலை போன கவிதை’ என்றால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் அவரவர் வாழ்க்கையில் புழங்கிய பொருளைக் கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். “இரண்டு குறுணி, நான்கெழுத்து” என்று ஒருநாள் வந்தது. முதலெழுத்து ‘ப’, மூன்றாவது ‘க்’ கிடைத்துவிட்டன. மெய்ம்மயக்கப்படி நான்காவது ககர வரிசை என்பதுவரை வந்து நின்றுவிட்டேன். வாசலில் கீரை விற்க வரும் பாட்டியிடம், “பாட்டி, ரெண்டு குறுணின்னா என்ன?” என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, எட்டு நாழி ஒரு குறுணி, ரெண்டு குறுணி ஒரு பதக்கு, ரெண்டு பதக்கு ஒரு தூணி, மூணு தூணி ஒரு கலம் என்று, களத்தில் நெல் அளப்பதுபோல் கையை வீசிக்கொண்டே சொன்னார். நான் ‘பதக்கு’ என்று எழுதியதை எட்டிப் பார்த்து, “என் பேச்சா பேப்பர்ல வருது?” என்றார். அதற்குப் பிறகு அளவை, பயிர், மாடு, மழை பற்றிய குறிப்பு எது வந்தாலும் அவருக்கென்று எடுத்து வைப்பேன். சில நாள் அவரே கேட்பார்.

திரைப்படம், கிரிக்கெட் குறிப்புகளுக்குப் பிள்ளைகள் போதும். கோயில், புராணம் என்றால் எதிர்வீட்டு மாமி. “மூச்சைத் திருப்பினால் ஈசன், இரண்டெழுத்து” என்ற குறிப்பில் நான் ‘சுவாசம்’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு திண்டாடியபோது, சித்தர் பாடல்களில் பழக்கமுள்ள அந்த மாமி, மூச்சுக்குச் சித்தர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். வாசி. திருப்பினால் சிவா. விடையைச் சொல்லாமல் விடைக்குப் போகும் வாசலைக் காட்டிய உதவி அது. என் மாமனார் எதிர்பார்த்ததும் இதைத்தான் என்று அன்று முழுதாக விளங்கியது.

அகராதி பார்ப்பது தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எந்த அகராதி என்பது முக்கியம். இன்றைய புழக்கச் சொல்லுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழஞ்சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அதை இணையத்திலேயே தேடலாம். ஆனால் புதிருக்கென்றே செய்ததுபோல் இருப்பவை நிகண்டுகள்தான். ஒரு பொருளுக்குப் பல பெயர்களையும், ஒரு பெயருக்குப் பல பொருள்களையும் அவை தொகுத்துத் தருகின்றன. “யானையும் இதுவே, வண்டும் இதுவே” என்று குறிப்பு வந்தால், தும்பி என்று அங்கே பளிச்சென்று கிடைக்கும். சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. முதலெழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் கையில் இருக்கும்போது முதலெழுத்து வரிசையில் அமைந்த அச்சு அகராதி எதுவும் உதவாது. பல நூற்றாண்டு பழைய அந்த நூல் உதவும். அச்சுப் பிரதியாக அதை வாங்கி, மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். நாள் முடியுமுன் முழு விடையை யாரிடமும் கேட்பதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை. ஒரு சொல் வரவில்லை என்றால் கட்டத்தைக் காலியாகவே விட்டு மூடிவிடுவேன். மாலையில் பாத்திரம் துலக்கும்போது அது தானாக வந்து நின்ற நாள்கள் எத்தனையோ உண்டு.

மாமா இப்போது கோயம்புத்தூரில் என் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். இரு ஊர்ப் பதிப்பிலும் புதிர் ஒன்றுதான். காலை பதினொரு மணிக்கு மேல், திணறுகிறவர் மற்றவரை அழைக்கலாம் என்பது எங்கள் ஏற்பாடு. பெரும்பாலும் நான்தான் அழைப்பேன். சென்ற வாரம் அவரே அழைத்தார். கீழ்ப்பாதியில் மூன்று சொற்கள் ஒன்றுமே வரவில்லை, இன்று புதிரிலேயே பிழை போலிருக்கிறது என்றார். எந்தச் சொல்லைச் சுற்றி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். “கால் ஆயிரம், நடை இல்லை”, ஐந்தெழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மரவட்டை என்றார்.

ஐந்தெழுத்து சரி, முதலெழுத்து ‘ம’வும் சரி. அந்த முதலெழுத்து பொருந்தியதால்தான் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. என் கட்டத்தில் ‘மண்டபம்’ என்று இருந்தது. குறிப்பின் பின்பாதியை அவர் விட்டுவிட்டார், மரவட்டை நடக்கும். திணறும்போது காலிக் கட்டங்களையே வெறித்துப் பார்க்கிறோமே தவிர, நிரப்பிய கட்டத்தைச் சந்தேகிப்பதில்லை. வெளியாள் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நிரப்பியதில் எது தவறாக இருக்கலாம் என்று சுட்டுவதுதான். ஆனால் எவ்வளவு சுட்டுவது? அழித்துவிடுங்கள் என்று சொன்னால் அதிகம். குறிப்பை வாசித்துக் காட்டினால் அவர் ஏற்கெனவே பத்து முறை வாசித்திருப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அஞ்சாவது கட்டத்துல புள்ளி வருது மாமா” என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. பென்சிலைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு, வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் குழம்புக்குப் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி மணி அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

“மதுரையில 985தான் இருக்காம்மா, தெரியுமா?” என்றார்.